கயிற்றை விடச் சொன்னவன்

எல்லம்மா: ...நீ பேசாத. இன்னிக்கு நான் பேசுறேன், நீ கேளு. செவ்வந்தி, பாய் போடாத. நான் உக்கார வரல.

செவ்வந்தி: வெயில்ல நடந்து வந்துகீறீங்க அண்ணி. ஒரு வாய் மோராவது...

எல்லம்மா: உன் புருசன் பண்ணி வச்ச வேலைக்கு எங்க வூட்ல இன்னும் அடுப்பே மூட்டல. மோராம். டேய் தாமு, நிமிந்து என்னப் பாரு.

தாமோதரன்: பாத்துனு தான்க்கா கீறேன்.

எல்லம்மா: பாக்கெட்லேர்ந்து கைய எடுத்துட்டுப் பாரு. கூடப் பொறந்த அக்கா வாசல்ல நிக்கிறேன், பாக்கெட்ல கைய உட்டுகினு பேசுறான். காலையில கரையிலயும் இப்படித்தான நின்ன? கவுத்துப் போட்ட போட்டு மேல ஏறிகினு, கைய பாக்கெட்ல உட்டுகினு, கப்பலுக்குக் கேப்டன் மாதிரி.

தாமோதரன்: மேல நின்னா தான்க்கா ரெண்டு கயிறும் தெரியும்.

எல்லம்மா: உன்ன யாரு பாக்கச் சொன்னது? கரவலையோட வடக்குக் கயித்துல பெரியவங்க நிக்கிறாங்க. தெக்குக் கயித்துல உங்க மாமா தலைக்கயிறு பிடிச்சுனு முன்னாடி நிக்கிறாரு, பின்னாடி கார்த்திக்கு, ராகுலுனு வயசுப் பசங்க. வலை கரைக்கு ஏற இன்னும் கொஞ்சம் தான் பாக்கி. அந்த நேரத்துல உன் வாயிலேர்ந்து அந்த வெளிநாட்டுக் கப்பல் பாஷை. இன்னா சொன்ன?

தாமோதரன்: அத்த உடுக்கா.

எல்லம்மா: ஊரே கேட்டுச்சு, என் எதுருல மட்டும் வாய் வரலியா?

செவ்வந்தி: அண்ணி, அவரு வேணும்னு...

எல்லம்மா: நீ சும்மா இருடி. எத்தக் கேட்டாலும் இவ குறுக்க வந்து நிக்கிறா. நீ கத்துன, தெக்குக் கயித்துப் பசங்க மொத்தமும் கயித்தப் பொத்துனு போட்டுட்டு கையத் தூக்கிகினு நின்னானுங்க. வடக்குக் கயித்துக்காரங்க அது தெரியாம இழுத்துனே கீறாங்க. வலை கோணிகினு வாயத் திறந்துகிச்சு. உள்ள இருந்தது அத்தனையும் காணாங்கத்த மீனுடா. வூட்டுக்கு ஒரு கூடை வந்திருக்கும். கண்ணு முன்னாடி கடலுக்கே திரும்பிப் போச்சு.

தாமோதரன்: மாமா கை எப்படிக்கா கீது?

எல்லம்மா: குப்புற விழுந்தாரு உங்க மாமா. ஊரு முன்னாடி, வாயெல்லாம் மணலு. இந்தக் கரையில இத்தனை வருசமா இழு, நிறுத்துனு சத்தம் குடுக்கிற மனுசன். பொம்பளைங்க சிரிச்சாளுங்க. நானும் அங்க தான் கூடையோட நிக்கிறேன்.

தாமோதரன்: கை எப்படி கீதுனு கேட்டேன்.

எல்லம்மா: வீங்கிகீது. மணிக்கட்டுல தோலு உரிஞ்சிகீது. பத்து போட்டு உட்டேன். பெரிய அக்கறை.

தாமோதரன்: விரலை மடக்குறாரா?

எல்லம்மா: மடக்குறாரு. நேத்து சோறு இருந்தது, பெசஞ்சு துன்னாரு. ஏன், நீ டாக்டரா? பேச்ச மாத்தாத. நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. நம்ம கரையில யாரு சத்தம் குடுப்பாங்க?

தாமோதரன்: தலைக்கயிறு பிடிச்சவரு.

எல்லம்மா: எப்படிக் குடுப்பாரு?

தாமோதரன்: உனக்குத் தெரியாததா...

எல்லம்மா: உன் வாயால சொல்லு. நீ தான் மறந்துட்டியே.

தாமோதரன்: கயித்த மணிக்கட்டுல சுத்திகினு குடுப்பாரு.

எல்லம்மா: நம்ம நைனா எப்படிக் குடுத்தாரு?

தாமோதரன்: அதே மாதிரி தான்.

எல்லம்மா: ஏன்?

தாமோதரன்: ...கயிறு போனா என் கையும் போவும்னு காட்றதுக்கு.

எல்லம்மா: அப்படிக் காட்டுனா தான்டா பின்னாடி நிக்கிறவன் நம்பி இழுப்பான். வெறுங்கையோட நின்னுகினு இழு, நிறுத்துனு சொல்றவனுக்கு இந்தக் கரையில இன்னா பேருனு தெரியுமா? மீனு ஏலம் போடுறவனுக்குக் கூட நாங்க அவ்ளோ எடம் குடுக்கிறது இல்ல. நீ வந்ததிலேர்ந்து ஒரு நாளாவது கயித்தத் தொட்டியா? ஒரே ஒரு நாளு?

செவ்வந்தி: வந்த களைப்பு அண்ணி.

எல்லம்மா: வெளிநாட்டு மீன் கப்பல் வேலைய உட்டுட்டு ஆடிக்கு வந்தான். இப்ப கார்த்திகை பொறக்கப் போவுது. இன்னும் களைப்பா? அந்தக் கப்பல்லேர்ந்து இன்னா இவன் நீந்திகினா வந்தான்?

தாமோதரன்: அங்க பழக்கம் வேறக்கா. அங்க ஆர்டர் குடுக்கிறவன் கயித்தத் தொட மாட்டான். மேல நிப்பான்.

எல்லம்மா: அப்ப நீ மேல நின்ன? நீ தான சொன்ன. டெக்குல நான் தான் ஆர்டரு, முப்பது பேரு நான் சொன்னா கேப்பாங்கனு. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுல இறங்கின உடனே டீக்கடையில சொல்லிட்ட. நானும் பெருமையா நாலு வூட்ல போய்ச் சொன்னேன்.

தாமோதரன்: சொன்னேன். இப்ப அதுக்கு இன்னா?

எல்லம்மா: அந்தப் பெரும இங்க செல்லாதுனு சொல்றேன். தீரென், தீரென்னு சாயந்திரமானா மணல்ல ஒரே சத்தம். வாமோஸாம். ரப்பிதோவாம். பெரியவரு, சின்னவன், மாமன், மச்சான் ஒண்ணும் கெடையாது. எல்லாருக்கும் ஒரே அதட்டலு.

தாமோதரன்: அது திட்டு இல்லக்கா. கும்பலுக்குச் சொல்ற வார்த்தை. தீரென்னா எல்லாரும் இழுங்க, வாமோஸ்னா வாங்க போலாம், ரப்பிதோனா சீக்கிரம்.

எல்லம்மா: கும்பலா? உங்க மாமா கும்பலா? நைனாவோட சேந்து தொழில் பண்ண மனுசங்க உனக்குக் கும்பலா?

தாமோதரன்: பெரியவங்க யாருக்கும் நான் சொல்லல. பசங்க தான் கேட்டாங்க. அவனுங்களும் கப்பலுக்குப் போவணும்கிறாங்க. வாய்ல நாலு வார்த்தையோட போவட்டும்னு சொல்லிக் குடுத்தேன்.

எல்லம்மா: நல்லா சொல்லிக் குடுத்த. நானே பாத்தேன், ஏரிக்கரையில நண்டு பொறுக்கிட்டு வரும்போது. பழைய கயிறு ஒண்ண எடுத்து பசங்க கையில குடுத்துகீற. அவனுங்க இழுத்துப் பிடிச்சுனு நிக்கிறானுங்க. நீ ஒண்ணு கத்துற, அவனுங்க பொத்துனு போட்டுட்டு கையத் தூக்குறானுங்க. மறுபடி எடு, மறுபடி கத்து, மறுபடி போடு. பொழுது சாயுற வரைக்கும் இதே வேலை. ஏன்டா, மீன் பிடிக்கிற ஊருல எவனாவது கயித்த உடுறதுக்குப் பாடம் எடுப்பானா?

தாமோதரன்: இழுக்கிறது அவனுங்களுக்கே தெரியும்.

எல்லம்மா: வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அப்ப காலையிலயும் அந்த வார்த்தையத் தான் கத்துன. இல்ல?

தாமோதரன்: ஆமா.

எல்லம்மா: இன்னா வார்த்தை அது?

தாமோதரன்: சுவெல்தென்.

எல்லம்மா: அர்த்தம்?

தாமோதரன்: எல்லாரும் உட்டுடுங்க.

எல்லம்மா: கேட்டியா செவ்வந்தி? வாய் கூசாம சொல்றான். வலை நெறைய மீனோட கரைக்கு வருது. இவன் போட்டு மேல நின்னுகினு எல்லாரும் உட்டுடுங்கனு சொல்லிகீறான். வெளங்காம வந்த வார்த்தைனு நெனச்சேன். தெரிஞ்சே சொல்லிகீறான்.

செவ்வந்தி: அண்ணி, இந்தாங்க மோரு. குடிச்சிட்டுப் பேசுங்க.

எல்லம்மா: எனக்கு வேணாம். அவனுக்குக் குடு. இந்தாடா, பிடி. குடிச்சிட்டாவது புத்தி...

செவ்வந்தி: என்கிட்ட குடுங்க அண்ணி, நான் வாங்கிக்கிறேன்.

எல்லம்மா: ஏன், தொர கை நீட்டி வாங்க மாட்டாரா? டம்ளரு கூட பொண்டாட்டி வாயில வச்சி உடணுமா? எங்க வூட்டு விருந்துலயும் பாத்தேன். இலை போட்டு, எறா தொக்கும் நண்டுக் கொழம்பும் வச்சா, தொரைக்கு ஸ்பூன் வேணும்னாரு. அதையும் பீச்சாங்கையில வச்சிகினு. நீ பக்கத்துல உக்காந்து முள்ளு எடுத்துக் குடுக்குற. என் மாமியாரு எழுந்தே போய்டுச்சி. லுங்கி கட்ட மாட்டாரு, இடுப்புல ரப்பர் வச்ச பேண்ட்டு. காவியா 'அப்பா, தூக்கு'னு கைய நீட்டினு ஓடியாந்தா, பெத்த கொழந்தய தூக்குறது இல்ல. வலது கையில தோசைக்கல்லாட்டம் ஒரு வாட்ச்சு. அந்த ஊரு போயி இந்த ஊரு மனுசனா இல்லாம வந்துகீறான். உன்கிட்ட தான் சொல்லல, உள்ள எரிஞ்சுது.

தாமோதரன்: சொல்லிட்டியா?

எல்லம்மா: இன்னும் சொல்லல. இப்பத் தான் வந்த வேலைக்கு வரேன். சாயந்திரம் ஊர்க் கூட்டம். உன் பேச்ச எடுத்துட்டாங்க. வூட்டுக்கு ஒரு கைனு தான் நம்ம குப்பத்துல கணக்கு. கயிறு பிடிக்காத வூட்டுக்குக் கரவலையில பங்கு கெடையாது, ஏரியில வலை போடுற பாடு மொறை வரும்போது எடமும் கெடையாது. இத்தனை மாசம் வெளிநாட்லேர்ந்து வந்தவன்னு உட்டு வச்சாங்க. இன்னிக்கு உட மாட்டாங்க.

செவ்வந்தி: அய்யோ அண்ணி, பாடு போச்சுனா நாங்க எங்க போறது?

எல்லம்மா: அதுக்குத் தான் என் வூட்டுக்காரரு ஊர்ப் பெரியவங்க கிட்ட கெஞ்சிட்டு வந்துகீறாரு. விழுந்த மனுசனே உங்களுக்காகப் போய்ப் பேசிகீறாரு, தெரிஞ்சிக்கோ. ஒரு வழி சொன்னாங்க. நாளைக்குக் காலையில இவன் வரணும். தலைக்கயிறு இவன் பிடிக்கணும். நைனா சுத்துன மாதிரி கையில சுத்திகினு, தமிழ்ல சத்தம் குடுக்கணும். ஒரு நாளு. ஒரே ஒரு வலை. அத்தோட எல்லாம் தீந்துச்சு, யாரும் பேச மாட்டாங்க.

தாமோதரன்: முடியாதுக்கா.

எல்லம்மா: இன்னா?

தாமோதரன்: முடியாது.

செவ்வந்தி: அண்ணி, வேற எதுனா... மாமா கால்ல வேணா எல்லார் முன்னாடியும் இவர விழச் சொல்றேன். விழுவாரு. விழுவீங்க இல்ல?

தாமோதரன்: விழுறேன்.

எல்லம்மா: கால்ல விழுறது சுலபமா இருக்குது, கயிறு பிடிக்கிறது கஷ்டமா இருக்குதா? அப்படி இன்னாடா உனக்குத் திமிரு? உன்ன நான் இடுப்புல தூக்கி வளத்தேன். அம்மா செத்தப்ப நீ நடக்கக் கூட ஆரம்பிக்கல. உனக்காகத் தான் உங்க மாமா இந்த ஊருலயே வந்து இருந்தாரு. அந்த மனுசன மண்ணு கவ்வ வச்சிட்டு, முடியாதுனு ஒரே வார்த்தையில சொல்ற.

தாமோதரன்: மாமா எத்தனை சுத்து சுத்தியிருந்தாரு?

எல்லம்மா: அடேய், நான் இன்னா பேசுறேன், நீ இன்னா...

தாமோதரன்: சொல்லுக்கா. எத்தனை?

எல்லம்மா: ஒண்ணு தான் சுத்துவாரு. இன்னிக்கு நீரோட்டம் ஜாஸ்தினு ரெண்டு சுத்துனாராம். அதுக்கென்ன?

தாமோதரன்: நீரோட்டம் வலைய உள்ள இழுக்குது. பின்னாடி பசங்க இந்தப் பக்கம் இழுக்குறாங்க. நடுவுல மாமா மணிக்கட்டு. பின்னாடி பிடிச்சிருக்கிற வரைக்கும் அந்தச் சுத்து இறுகிகினே தான் போவும். பின்னாடி உட்டா தான் தானா கழண்டுக்கும். மேலேர்ந்து பாத்தேன்கா. அவரு விரலெல்லாம் நீலமா ஆவுது. வாயத் திறந்து கத்துறாரு. அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இன்னும் வேகமா இழுக்கச் சொல்றாருனு பசங்க இன்னும் இழுக்குறாங்க.

எல்லம்மா: பொய் சொல்லாத. அவரு உடச் சொன்னாரா? எனக்குச் சொல்லலியே.

தாமோதரன்: எப்படிச் சொல்லுவாரு? தலைக்கயிறு பிடிச்சவன், மீனோட வர வலைய உடச் சொல்லிக் கத்துனேன்னு யார்கிட்ட சொல்லுவாரு?

எல்லம்மா: ...பத்து போடும்போது ஒரு வார்த்த பேசல. செவுத்தப் பாத்துனே இருந்தாரு. உன் மேல கோவம்னு நெனச்சேன்.

தாமோதரன்: கோவமா தான் இருக்கும்.

எல்லம்மா: சரி, அப்படியே வச்சிக்கோ. தமிழ்ல சொல்லித் தொலைக்க வேண்டியது தான? உடுங்கடானு சொன்னா அவனுங்களுக்கு வெளங்காதா? இன்னா சினிமா காட்றியா?

தாமோதரன்: தமிழ்ல சொன்னா ஏன்னு கேப்பாங்க. யாரு சொல்றதுனு திரும்பிப் பாப்பாங்க. வெறுங்கையோட நிக்கிறவன் சொல்லி நான் ஏன் உடணும்னு கார்த்திக்கு சட்டம் பேசுவான். அதுக்குள்ள கை போய்டும். இந்த வார்த்தைக்கு யோசிக்காம கை உட்டுடணும்னு தான் பழக்கி வச்சேன். பொழுது சாயுற வரைக்கும்.

எல்லம்மா: அப்ப இத்தனை நாளா அந்தப் பசங்களுக்கு...

தாமோதரன்: மத்ததெல்லாம் சும்மா, அவனுங்க ஆசைக்கு.

எல்லம்மா: இரு. எனக்கு ஒண்ணு வெளங்கல. சுத்து இறுகும், பின்னாடி உட்டா கழலும், விரலு நீலமாவும். கரவலையில பொறந்து வளந்தவ நானு, எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

தாமோதரன்: பாத்துகீறேன்.

எல்லம்மா: யாருக்குப் பாத்த?

தாமோதரன்: அங்க ஒருத்தனுக்கு.

செவ்வந்தி: போதும்ங்க.

தாமோதரன்: நீ உள்ள போ.

செவ்வந்தி: போவ மாட்டேன். கைய வெளிய எடுங்க.

தாமோதரன்: செவ்வந்தி, வாட்ச்சுல கைய வைக்காத. சொன்னாக் கேளு.

செவ்வந்தி: வந்த நாள்லேர்ந்து நீங்க சொன்னதத் தான் கேட்டுனு இருக்கேன். உங்க அக்கா உங்கள இன்னா இன்னாவோ சொல்லுச்சு, நின்னு கேட்டேன். இதுக்கு மேல என்னால ஆவாது. அண்ணி, இங்க வாங்க. பாருங்க.

எல்லம்மா: ...இது இன்னாடா இது? சுத்தி... வளையல் மாதிரி தழும்பு... தாமு, இது இன்னா?

செவ்வந்தி: தொட்டுப் பாருங்க. மூணு விரலு மடங்காது. பெருவிரலுல பலமே இல்ல. டம்ளரு நிக்காது. முடிச்சு போட வராது, அதான் லுங்கி இல்ல. கொழந்தயத் தூக்குனா நழுவ உட்டுடுவேன்னு பயப்படுறாரு அண்ணி. ராத்திரி அது தூங்குன பின்னாடி பக்கத்துல போயி உக்காந்துக்குவாரு.

எல்லம்மா: அடப்பாவி. அடப்பாவி தாமு. ஸ்பூன் கேட்டானு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன்டா. எறா கூடைக்காரி வரைக்கும் சொன்னேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் யாரு உனக்கு, பக்கத்து வூட்டுக்காரியா?

தாமோதரன்: சொன்னா இன்னா நடக்கும்? கை வராதவன்னு அரைப் பங்கு குடுப்பாங்க. கெழவங்களுக்குக் குடுக்கிற மாதிரி, கடைசியா, தனியா ஒரு குமி மீனு. அந்த மீன காவியா கூடையில வாங்கினு வரணும். திமிரு பிடிச்சவன்னு சொல்லிட்டுப் போவட்டும்னு தான் இருந்தேன்.

எல்லம்மா: உன் திமிர நெருப்புல போட. எந்தப் படுபாவிடா உன்ன அங்க கயித்தக் கையில சுத்திக்கச் சொன்னான்? சொல்லு, எந்த நாட்டுக்காரன்?

தாமோதரன்: யாரும் சொல்லலக்கா. அங்க யாருமே சுத்த மாட்டாங்க. மெஷினு நின்னுபோன அன்னிக்கு கையால இழுக்கச் சொன்னாங்க. நான் போயி முன்னாடி நின்னு, நானா சுத்திகினேன். நல்ல ஆளுனு நெனைக்கணும்னு. நைனா மாதிரி. நான் அங்க ஆர்டரும் குடுக்கல, ஒரு மயிரும் குடுக்கல. கூட்டத்தோட கூட்டமா கயிறு இழுத்தேன்.

எல்லம்மா: போதும். சாயந்திரம் கூட்டத்துக்கு நீ வர. வாட்ச்சு கட்டாம வர. பொம்பள பேசக் கூடாதுனு எவனாவது எழுந்தா, அவன் கைய நான் கயித்துல சுத்தி உடுறேன். அரைப் பங்கு யாருக்கு வேணும்? போட்டு மேல நின்னு ரெண்டு கயித்தயும் பாக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும், அதுக்கு முழுப் பங்குனு கேக்குறேன். உங்க மாமா வாயத் திறக்கட்டும். காலையில இன்னா கத்துனாருனு ஊரு முன்னாடி அவரே சொல்லட்டும். சொல்லலனா அந்த வூட்ல அடுப்பு எரியாது.

தாமோதரன்: மாமாவ அசிங்கப்படுத்தாதக்கா.

எல்லம்மா: அசிங்கமா? கை இருக்குது இல்ல அவருக்கு? சோறு பெசஞ்சு துன்றாரு இல்ல? அவரு சொல்லுவாரு. செவ்வந்தி, அந்த மோரக் குடுடி... டேய், அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லு. உங்க மாமாவுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

தாமோதரன்: சுவெல்தென்.

எல்லம்மா: சுவெல்தென். நீ அன்னிக்கு இத்தக் கத்தியிருந்தா அவங்க உட்டிருப்பாங்க இல்ல?

தாமோதரன்: உடனே உட்டிருப்பாங்க.

எல்லம்மா: பின்ன ஏன்டா கத்தல? இன்னிக்கு ஊரே கேக்குற மாதிரி கத்துனியே, அன்னிக்கு உன் தொண்டைக்கு இன்னா வந்துச்சு?

தாமோதரன்: கத்துனேன்கா. உடுங்கடா, உடுங்கடானு கத்துனேன். அங்க தமிழு தெரிஞ்சவன் யாரும் இல்ல. அவங்க பாஷையில அதுவரைக்கும் எனக்கு 'இழு' மட்டும் தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க.